முதலில் வாசல், அப்புறம் பணம்: அமெரிக்கப் படைவீரர்களின் வலி ஆராய்ச்சிக்கு நிதி கேட்கப் போகிறவர்களுக்கு

தமிழ்நாட்டில் பிசியோதெரபி படித்து, அமெரிக்காவில் பிஎச்.டி. முடித்தவர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "முன்னாள் படைவீரர்களின் நாள்பட்ட வலிக்கு ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து) இல்லாத சிகிச்சை பற்றி ஆராய்ச்சி செய்யணும். பணம் எங்கே கிடைக்கும்?" நானும் இதே கேள்வியோடுதான் தொடங்கினேன். முதல் மூன்று ஆண்டுகளில் இரண்டு விண்ணப்பங்கள் வீணாயின. முதலாவதைச் சமர்ப்பிக்கவே முடியவில்லை. நான் அப்போது வேலை பார்த்த இடத்தின் அரசுப் பதிவு காலாவதியாகிக் கிடந்தது, யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவதில் என் சிகிச்சை முறையைப் பாராட்டிய மதிப்பீட்டாளர்களே, "நோயாளிகளை எங்கிருந்து சேர்ப்பீர்கள் என்பது தெளிவாக இல்லை" என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தார்கள்.

அதன்பிறகுதான் புரிந்தது, நான் வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று. இந்தத் துறையில் பணத்தைத் தேடுவதற்கு முன்னால், எந்த வாசல் வழியாக உள்ளே போகப் போகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். கீழே இருக்கும் படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. உளவியல், நர்சிங், மயக்க மருத்துவம், யோகா ஆராய்ச்சி என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் படிகள் மாறாது.

1. உங்கள் ஆய்வில் சேரப் போவது யார்?

"படைவீரர்" என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். நடைமுறையில் அது இரண்டு தனி உலகம். பணியை விட்டு வந்தவர்கள் முன்னாள் படைவீரர்கள். அவர்களுக்குச் சிகிச்சை தருவது வி.ஏ. எனப்படும் முன்னாள் படைவீரர் நலத்துறை. இன்னும் பணியில் இருப்பவர்களின் மருத்துவமனைகளை நடத்துவது பாதுகாப்புத் துறையின் கீழ் உள்ள டிஃபென்ஸ் ஹெல்த் ஏஜென்சி. மருத்துவப் பதிவேடு, நெறிமுறைக் குழு, அனுமதி தரும் அதிகாரி எல்லாமே வேறு வேறு.

முதல் ஆய்வு என்றால் முன்னாள் வீரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். இதை அழுத்தியே சொல்கிறேன். பணியில் இருப்பவருக்கு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இடமாற்ற உத்தரவு வரும். ஆறாவது மாதம் உங்கள் அறையில் உட்கார்ந்து முதுகுவலி பற்றிப் பேசியவர், பன்னிரண்டாவது மாதம் ஜெர்மனியிலோ ஜப்பானிலோ இருப்பார். நீங்கள் திட்டமிட்ட ஓராண்டுத் தொடர்கண்காணிப்பு அங்கேயே உடைந்துவிடும்.

இரண்டாவது, ஊக்கத்தொகை. பணி நேரத்தில் ஆய்வில் பங்கேற்கும் வீரருக்கு நீங்கள் நினைத்தபடி பணம் தர முடியாது. ரத்தம் எடுப்பதற்கு மட்டும் ஒரு தடவைக்கு 50 டாலர் வரை தரலாம். "ஒவ்வொரு வருகைக்கும் 40 டாலர் கிஃப்ட் கார்டு" என்று வழக்கம்போல் பட்ஜெட்டில் எழுதினால் அது திரும்பி வரும். மூன்றாவது, மேலதிகாரியின் நிழல். ஆய்வில் சேரும்படி அழைக்கும் இடத்தில் அவர்களுடைய மேலதிகாரிகள் இருக்கவே கூடாது; சேரச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. பாதுகாப்புத் துறையின் 3216.02 என்ற ஆணை இதில் மிகக் கறாரானது. அதே சமயம், வீரர் பணி நேரத்தில் வரவேண்டுமானால் அவருடைய பிரிவின் சம்மதம் இல்லாமல் நடக்காது. இந்த இரண்டையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவருவது, ஏற்கெனவே ராணுவ மருத்துவமனைக்குள் வேலை பார்க்கும் ஒருவர் உங்கள் குழுவில் இருந்தால்தான் சாத்தியம்.

2. எந்தக் கஜானா?

பெரிய கஜானாக்கள் மூன்று. மூன்றின் குணமும் வேறு.

வி.ஏ.வின் சொந்த ஆராய்ச்சிப் பணம்: இதில் முக்கியமானது மெரிட் ரிவ்யூ என்ற ஆராய்ச்சி மானியம். ஆண்டுக்கு இரண்டு சுற்று. வி.ஏ. தன் ஆராய்ச்சி அலுவலகத்தைத் திருத்தியமைத்தபோது வலியும் ஓபியாய்டு பயன்பாடும் சேர்ந்து ஒரு தனிப் பிரிவாகவே ஆகியிருக்கிறது. அதனால் உங்கள் தலைப்புக்கு இடம் இருக்கிறது. ஆனால் இது வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமான பணம். முதன்மை ஆய்வாளர் வி.ஏ.வில் குறைந்தது 5/8 பங்கு, அதாவது வாரத்துக்கு 25 மணி நேரம், சம்பளம் பெறும் பணியில் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போது அந்தப் பணி இல்லாவிட்டாலும், பணம் வருவதற்குள் இருந்தாக வேண்டும். அதற்கு மருத்துவமனை நிர்வாகத்தின் உறுதிக் கடிதம் வேண்டும்.

பாதுகாப்புத் துறையின் பணம்: சி.டி.எம்.ஆர்.பி. என்ற அமைப்பின் வழியாக வருவது. நாள்பட்ட வலி மேலாண்மைக்கென்று தனித் திட்டம் ஒன்றை 2019 நிதியாண்டில் 1.5 கோடி டாலரோடு தொடங்கினார்கள். இங்கே வெளிப் பல்கலைக்கழகத்தில் இருப்பவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒதுக்கினால்தான் பணம். 2024இல் சி.டி.எம்.ஆர்.பி.யின் மொத்த ஒதுக்கீடு சுமார் 150 கோடி டாலர். 2025இல் அது 65 கோடியாகச் சரிந்தது, பல திட்டங்களுக்கு அந்த ஆண்டு ஒன்றுமே இல்லை. எனவே "போன வருஷம் இருந்தது, இந்த வருஷமும் இருக்கும்" என்ற நம்பிக்கையில் ஆறு மாதம் உழைக்காதீர்கள். இந்த ஆண்டுக்கான அறிவிப்பு வந்துவிட்டதா என்று பார்த்த பிறகு இறங்குங்கள். வலிக்கான தனித் திட்டம் இல்லாத ஆண்டில், அதே அமைப்பின் பொதுவான மருத்துவ ஆராய்ச்சித் திட்டத்தின் தலைப்புப் பட்டியலில் வலி இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தப் பட்டியல் ஆண்டுதோறும் மாறும்.

என்.ஐ.எச். பணம்: தேசிய சுகாதார நிறுவனங்களில் ஓபியாய்டு, வலி ஆராய்ச்சிக்கென்று 2018இல் தொடங்கிய ஹீல் திட்டமும், யோகா, தியானம், அக்குபங்சர் போன்றவற்றைப் பார்க்கும் என்.சி.சி.ஐ.எச். நிறுவனமும் நமக்கு நெருக்கமானவை. படைவீரர்களுக்கு மட்டும் என்றில்லை, ஆனால் வி.ஏ. நோயாளிகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்கும் இங்கே கேட்கலாம். புதியவர்களுக்கு ஆர்21 என்ற சிறு மானியம் நல்ல அளவு: இரண்டு ஆண்டுக்கு நேரடிச் செலவாக மொத்தம் 2,75,000 டாலர் வரை.

இந்த மூவரும் கூடியும் பணம் போட்டிருக்கிறார்கள். 2017இல் மூன்று துறைகளும் சேர்ந்து, படைவீரர்களின் வலிக்கு மருந்தில்லா வழிகளை ஆராய 8.1 கோடி டாலரில் ஆறு ஆண்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தன. பெயர் பெயின் மேனேஜ்மென்ட் கொலாபரேட்டரி. ஒருங்கிணைப்பு மையம் யேல் பல்கலைக்கழகத்தில். பன்னிரண்டு ஆய்வுகளோடு அறிவிக்கப்பட்டது. அதில் வேலை செய்தவர்கள், வி.ஏ. மருத்துவமனையில் நிஜச் சூழலில் ஆய்வு நடத்துவது எப்படி என்று நிறைய எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். விண்ணப்பம் எழுதத் தொடங்கும் முன் ஒரு வார இறுதியை அதற்கு ஒதுக்குங்கள்.

3. உள்ளே கால் வையுங்கள்

இதுதான் உண்மையான முதல் வேலை. பணம் எந்தக் கஜானாவிலிருந்து வந்தாலும், வி.ஏ. நோயாளியையோ அவருடைய பதிவேட்டையோ தொட வேண்டுமானால், வி.ஏ. ஊழியர் ஒருவர் ஆய்வாளராக இருக்க வேண்டும், அந்த மருத்துவமனையின் ஆராய்ச்சிக் குழு அனுமதி தர வேண்டும். வெளியிலிருந்து வரும் நீங்கள் சம்பளமில்லா நியமனம் ஒன்றைப் பெற வேண்டும். எல்லோரும் டபிள்யூ.ஓ.சி. என்றுதான் சொல்வார்கள். கைரேகை, பின்னணிச் சோதனை, அடையாள அட்டை, தகவல் பாதுகாப்புப் பயிற்சி, மனித ஆய்வு நெறிமுறைப் பயிற்சி எல்லாம் முடிய வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். விசாவில் இருப்பவருக்கு இன்னும் கூடுதல் தாள்கள். விசாவில் இருந்தால், எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடும் முன் உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

நான் செய்தது இது: இரண்டாவது நிராகரிப்புக்குப் பிறகு, அருகிலிருந்த வி.ஏ. மருத்துவமனையின் வலி கிளினிக்கில் வாரம் ஒரு காலை உட்கார அனுமதி கேட்டேன். அங்கே காதில் ஊசி போடும் சிகிச்சை உண்டு. போர்க்கள அக்குபங்சர் என்பார்கள். வியட்நாம் போர்க் காலத்து மனிதர் ஒருவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எள்ளை விடச் சற்றே பெரிய தங்க நிற ஊசிகள், ஒரு காதுக்கு ஐந்து. ஒவ்வொன்று போட்டதும் எழுந்து கொஞ்ச தூரம் நடக்கச் சொல்வார்கள். அவர் நடந்துவிட்டு வந்து இடுப்பைத் திருப்பிப் பார்ப்பார். ஊசி காதிலேயே இருக்கும், சில நாளில் தானாக விழுந்துவிடும்.

அங்கே உட்கார்ந்ததால்தான் ஒன்று தெரிந்தது. அந்தச் சிகிச்சை நடந்த விஷயம் அங்கே பதிவேட்டில் தனிக் குறியீடாக ஏறவில்லை. நர்ஸ் எழுதும் குறிப்பில் ஒரு வரியாகத்தான் இருந்தது. "கணினிப் பதிவேட்டிலிருந்து எடுத்துக்கொள்வோம்" என்று என் பழைய விண்ணப்பத்தில் எழுதியிருந்தேனே, அது அங்கே நடக்கவே நடக்காது. எந்த மதிப்பீட்டாளரும் சொல்லியிருக்க முடியாத குறை அது. அந்த நர்ஸ்தான் பின்னால் என் ஆய்வுக் குழுவில் சேர்ந்தார்.

குடியுரிமை பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வி.ஏ.வின் இளம் ஆய்வாளர் விருது குடிமக்களுக்கு மட்டும். என்.ஐ.எச். இளம் ஆய்வாளர்களுக்குத் தரும் கே23 விருதுக்குக் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு வேண்டும். கே99 விருதுக்கும், ஆர்01, ஆர்21 போன்ற ஆராய்ச்சி மானியங்களுக்கும் அந்த நிபந்தனை இல்லை. அங்கே பணம் உங்கள் நிறுவனத்துக்குத்தான் வருகிறது. வி.ஏ.வில் சம்பள வேலைக்குக் குடிமக்களுக்கே முன்னுரிமை. தகுதியான குடிமகன் கிடைக்காதபோது மற்றவர்களை எடுக்கலாம். டாக்டர்களுக்கு இன்னொரு வழி: ஜே-1 விசாவில் வந்தவர் இரண்டு ஆண்டு தாய்நாட்டுக்குத் திரும்பிப் போய் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தள்ளுபடி செய்யச் சொல்லி வி.ஏ.வே பரிந்துரைக்க முடியும்.

4. பதிவுகள்: சலிப்பான வேலை, ஆனால் இங்கேதான் ஆட்டம் முடிகிறது

உங்கள் நிறுவனம் சாம்.கவ் என்ற அரசுத் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அங்கே கிடைக்கும் பன்னிரண்டு எழுத்து அடையாள எண்தான் 2022 ஏப்ரல் முதல் எல்லா மத்திய மானியங்களுக்கும் கேட்கப்படுவது. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பெரிய பல்கலைக்கழகம் என்றால் கவலை இல்லை. சிறிய கல்லூரி, சிறிய ஆய்வு நிறுவனம், புதிய அறக்கட்டளை என்றால் நீங்களே தளத்தில் தேடி, காலாவதித் தேதியைப் பார்த்து, உங்கள் கடைசி நாளுக்குப் பிறகும் அது செல்லுமா என்று உறுதி செய்யுங்கள். நான் பார்க்கவில்லை. புதுப்பிக்கப் போனபோது நிறுவனத்தின் முகவரி ஒரு தாளில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்ததால் வாரக்கணக்கில் இழுத்தது. அதற்குள் நாள் போய்விட்டது.

இந்தப் பதிவுக்கு ஒரு காசும் கிடையாது. "உங்கள் பதிவு முடியப்போகிறது, இவ்வளவு டாலர் கட்டுங்கள்" என்று அரசு முத்திரை போன்ற ஒன்றோடு மின்னஞ்சல் வரும். அவை தனியார் இடைத்தரகர்கள் அனுப்புபவை. கட்டாதீர்கள்.

அப்புறம் உங்களுக்கான தனிக் கணக்குகள்: என்.ஐ.எச்.சுக்கும் வி.ஏ.வுக்கும் இரா காமன்ஸ், பாதுகாப்புத் துறைக்கு இ-பிராப், ஆய்வாளர் அடையாளத்துக்கு ஆர்கிட். மூன்றிலும் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள். நமக்கு இது பெரிய தலைவலி: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், கட்டுரைகளில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஒரு வடிவத்தை முடிவு செய்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பின்னணிச் சோதனையிலும் இதே கேள்வி வரும்.

5. தாள்கள்

பாதுகாப்புத் துறைக்கு இரண்டு கட்டம். முதலில் இ-பிராப்பில் முன்விண்ணப்பம். அதன்பிறகு முழு விண்ணப்பம். வெளி நிறுவனங்கள் அதை கிராண்ட்ஸ்.கவ் என்ற அரசுத் தளம் வழியாக அனுப்ப வேண்டும். முன்விண்ணப்பத்தின் நாளைத் தவறவிட்டால் முழு விண்ணப்பத்தை எவ்வளவு நன்றாக எழுதினாலும் பயனில்லை. அனுப்பிய பிறகு இ-பிராப்பில் சரிபார்க்கச் சில நாள் தருவார்கள். ஆனால் கடைசி நாள் தாண்டிவிட்டால் திட்ட விவரத்தையும் பட்ஜெட்டையும் மாற்ற முடியாது. திட்ட விவரம் பக்க வரம்பைத் தாண்டினால் படிக்காமலே நிராகரிப்பார்கள்.

ஒரு பொறி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாதுகாப்புத் துறையில், விண்ணப்பங்களைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஆண்டுக்கான திட்டக் குழு உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிடுவார்கள். அவர்களில் யாரும் உங்கள் விண்ணப்பத்தில் எந்த வகையிலும் இருக்கக் கூடாது. விண்ணப்பம் பற்றி அவர்களிடம் நீங்கள் பேசவும் கூடாது. வலி ஆராய்ச்சி சின்ன உலகம். உங்கள் வழிகாட்டியே அந்தப் பட்டியலில் இருக்கலாம். அவரை ஆலோசகராகப் போட்டால் விண்ணப்பம் முழுவதும் விலக்கப்படும். என்.ஐ.எச்.சில் இதற்கு நேர்மாறு: அங்கே திட்ட அதிகாரியிடம் ஒரு பக்கச் சுருக்கத்தை அனுப்பிப் பேசுவதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

எளிய மொழிச் சுருக்கத்தைக் கடைசி இரவுக்கு விடாதீர்கள். பாதுகாப்புத் துறை விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுவில் வலியோடு வாழ்கிறவர்களும், முன்னாள் வீரர்களும் விஞ்ஞானிகளுக்குச் சமமான ஓட்டோடு உட்காருகிறார்கள். அவர்கள் முதலில் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

ஆதரவுக் கடிதங்களில் யார் கையெழுத்து என்பதுதான் விஷயம். என் இரண்டாவது விண்ணப்பத்தில் கிளினிக்கின் டாக்டர் ஒருவர் மனமுவந்து எழுதிக் கொடுத்த கடிதம் இருந்தது. நல்ல மனிதர், நல்ல கடிதம். ஆனால் நோயாளிகளை அணுகும் அனுமதியை அவர் தர முடியாது. அது மருத்துவமனை இயக்குநர் மட்டத்தில் வர வேண்டும். கடிதத்தில் ஆண்டுக்கு எத்தனை நாள்பட்ட வலி நோயாளிகள் வருகிறார்கள், எந்த அறை, யாருடைய நேரம் என்று எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். இயக்குநரின் கையெழுத்துக்கு ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, வெளித் தொடர்புகளை அறிவிக்கும் படிவம். கோயம்புத்தூரிலோ சென்னையிலோ ஒரு கல்லூரியில் கௌரவப் பேராசிரியர் என்று உங்கள் பெயர் இருக்கிறதா? சம்பளம் இல்லாவிட்டாலும் எழுதுங்கள். அங்கே நடக்கும் ஆய்வில் பங்கு உண்டா? எழுதுங்கள். எழுதினால் பெரும்பாலும் ஒரு பிரச்சினையும் வராது. எழுதாமல் விட்டுப் பின்னால் தெரியவந்தால் மறைத்ததாகிவிடும்.

6. திட்டத்தை எழுதும்போது

ஓபியாய்டு நெருக்கடி பற்றி இரண்டு பக்கம் எழுதாதீர்கள். படிப்பவர்களுக்கு அது தெரியும். மினியாபோலிஸ் வி.ஏ.வில் 240 பேரை வைத்து நடந்து, 2018இல் வெளியான ஸ்பேஸ் ஆய்வு, முதுகு, இடுப்பு, முழங்கால் வலிக்கு ஓராண்டுக்குப் பிறகும் ஓபியாய்டு மற்ற மருந்துகளை விட அன்றாடச் செயல்பாட்டைக் கூட்டவில்லை என்று காட்டிவிட்டது. 811 முன்னாள் வீரர்களோடு நடந்த லாம்ப் ஆய்வு, வீட்டிலிருந்தே தொலைவழியில் கற்ற மைண்ட்ஃபுல்னஸ் (இந்தக் கணத்தில் கவனம் வைக்கும்) பயிற்சி வலியின் தொந்தரவைக் குறைக்கிறது என்று 2024இல் சொன்னது. "பலன் உண்டா" என்பதோடு நிற்கும் விண்ணப்பம் இப்போது பழையதாகத் தெரியும். கிராமத்து வீரருக்கு எப்படிக் கொண்டுபோவது, யாருக்கு எது முதலில், எவ்வளவு செலவில் என்ற கேள்விகளுக்குத்தான் இடம் இருக்கிறது.

அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தமும் தலைக்காயமும் உள்ளவர்களை "ஆய்வு சுத்தமாக இருக்கட்டும்" என்று விலக்கிவிடாதீர்கள். முன்னாள் வீரர்களிடம் இவை வலியோடு சேர்ந்தேதான் வரும். விலக்கிவிட்டால் மிஞ்சுபவர்கள் கிளினிக்கில் நீங்கள் பார்க்கும் மனிதர்களாக இருக்க மாட்டார்கள்.

ஒப்பீட்டுக் குழுவுக்கு "வழக்கமான சிகிச்சை" என்று எழுதினால், அதில் என்னென்ன இருக்கும் என்று சொல்லுங்கள். 2019 முதல் நடைமுறையில் உள்ள மிஷன் சட்டத்தால் பலர் வி.ஏ. செலவிலேயே வெளியே போய் அக்குபங்சரும் கைரோபிராக்டிக்கும் (முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் சிகிச்சை) எடுக்கிறார்கள். அந்த விவரம் வி.ஏ. பதிவேட்டில் முழுமையாக இருக்காது. பங்கேற்பவரிடமே மாதாமாதம் கேட்க ஏற்பாடு செய்யுங்கள்.

அளவுகோலைச் சொந்தமாகக் கண்டுபிடிக்க வேண்டாம். ஹீல் பணம் என்றால் அவர்கள் சொல்லும் பொதுக் கேள்விகளைச் சேர்க்கத்தான் வேண்டும். மற்றவற்றுக்கு, வலி, வாழ்க்கை இன்பம், அன்றாட வேலை என்று மூன்றே கேள்வி கேட்கும் பெக் அளவுகோல் போதும். ராணுவத்துக்கென்றே உருவான வலி அளவுகோலில் எண்ணோடு முகங்களும் வண்ணங்களும் இருக்கும். வேலை, தூக்கம், மனநிலை, மன அழுத்தம் என்று நான்கு துணைக் கேள்விகளும் உண்டு. "ஏழு" என்று ஒரே எண்ணைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் ஒருவர், தூக்கம் பற்றிய கேள்வி வந்ததும் நிமிர்ந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன்.

முன்னாள் வீரர்கள் நான்கைந்து பேரை ஆலோசகர்களாகச் சேருங்கள், திட்டம் எழுதும்போதே. எங்கள் முதல் கூட்டத்தில் ஆள்சேர்ப்புத் துண்டறிக்கையைக் கொடுத்தேன். "ஓபியாய்டுக்கு மாற்று" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். ஒருவர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, இதைப் படித்தால் என் மாத்திரையைப் பிடுங்கப் போகிறார்கள் என்றுதான் நினைப்பேன் என்றார். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. மாத்திரையைத் திடீரென நிறுத்தியதால் பலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வே எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. துண்டறிக்கையை மாற்றினோம். "இப்போது எடுக்கும் மருந்தை நாங்கள் தொட மாட்டோம்" என்ற வரியை மேலே போட்டோம்.

7. பட்ஜெட்

வி.ஏ. மெரிட் பணத்தில் நிறுவனத்துக்கான நிர்வாகச் செலவு (ஓவர்ஹெட்) கிடையாது. டாக்டராக இருக்கும் ஆய்வாளரின் சம்பளமும் அதில் வராது, பிஎச்.டி. ஆய்வாளரின் சம்பளம் வரும். இந்த வித்தியாசம் தெரியாமல் டாக்டர் நண்பருக்கு 20 சதவீதச் சம்பளம் எழுதிவிட்டு, பின்னால் அவரிடம் மன்னிப்புக் கேட்டவர்கள் உண்டு.

வி.ஏ.விலும் பல்கலைக்கழகத்திலும் இரட்டைப் பணி இருந்தால் இரண்டுக்கும் இடையே எழுத்து ஒப்பந்தம் இருக்க வேண்டும். எந்த மணி நேரம் யாருடையது என்பது அதில் வரும். என்.ஐ.எச். இதைக் கேட்கும். வெளிப் பணத்தை வி.ஏ. வளாகத்தில் செலவிட வேண்டுமானால், பெரும்பாலும் அந்த மருத்துவமனையோடு இணைந்த லாபநோக்கற்ற ஆராய்ச்சி நிறுவனம் வழியாகத்தான் நடக்கும். அவர்களிடம் பட்ஜெட்டை ஒரு மாதம் முன்னால் காட்டுங்கள்.

மறக்கப்படும் செலவுகள்: புள்ளியியலாளரின் நேரம் (ஆய்வு நடக்கும் எல்லா ஆண்டும்), ஆலோசகர்களான வீரர்களுக்கான தொகை, தொலைவிலிருந்து வருபவரின் பயணச் செலவு, டேப்லெட்டும் இணையமும் இல்லாதவருக்கு அதை ஏற்பாடு செய்வது, ஆய்வு முடிந்தபின் தரவைப் பகிரத் தயார்செய்வது. கடைசியது 2023 ஜனவரியிலிருந்து என்.ஐ.எச்.சில் கட்டாயம், அதற்கான செலவைக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. ஆண்டுக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் நேரடிச் செலவு கேட்பதாக இருந்தால், அனுப்புவதற்கு ஆறு வாரம் முன்பே என்.ஐ.எச்.சிடம் சம்மதம் வாங்க வேண்டும்.

8. காலக்கணக்கு

கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 12 மாதம் முன்பு: கிளினிக்கில் உட்காரத் தொடங்குதல், டபிள்யூ.ஓ.சி. விண்ணப்பம். 6 மாதம் முன்பு: சாம்.கவ் பதிவைச் சரிபார்த்தல், ஆலோசகர் குழு. 3 மாதம்: இயக்குநர் கடிதம் கேட்பது, பட்ஜெட் முதல் வரைவு. 10 நாள்: உங்கள் பல்கலைக்கழகத்தின் மானிய அலுவலகத்துக்கு எல்லாத் தாளும் போய்விட வேண்டும், அவர்களுக்கென்று உள் கெடு உண்டு, அதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

என்.ஐ.எச்.சின் ஆர்01க்கு வழக்கமான நாள்கள் பிப்ரவரி 5, ஜூன் 5, அக்டோபர் 5. ஆர்21க்கு அதே மாதங்களின் 16. பிப்ரவரியில் அனுப்பினால் கோடையில் மதிப்பீடு, பணம் வருவது விரைவாகப் பார்த்தாலும் செப்டம்பர் அல்லது டிசம்பர். கிடைக்காவிட்டால் 37 மாதத்துக்குள் ஒருமுறை திருத்தி அனுப்பலாம். அவசரப்பட்டு அடுத்த சுற்றிலேயே அனுப்பாதீர்கள். குறைகளுக்கு உண்மையான பதில் கையில் வந்த பிறகு அனுப்புங்கள். பாதுகாப்புத் துறையில் "திருத்தி அனுப்புதல்" என்ற தனி ஏற்பாட்டை நம்ப வேண்டாம். அடுத்த ஆண்டு அறிவிப்பு வந்தால் புதிய விண்ணப்பமாகவே தொடங்க வேண்டும்.

9. "தேர்வாகிவிட்டது" என்ற மின்னஞ்சலுக்குப் பிறகு

சந்தோஷப்படுங்கள், வீட்டுக்குப் போன் போடுங்கள். ஆனால் முதல் நோயாளி வர இன்னும் பல மாதம் இருக்கிறது. பாதுகாப்புத் துறை பணம் என்றால், உங்கள் நெறிமுறைக் குழு அனுமதித்த பிறகும் அவர்களுடைய மனித ஆய்வுப் பாதுகாப்பு அலுவலகம் தனியாகப் பார்க்கும். அதற்கே இரண்டு மூன்று மாதம். வி.ஏ. இடமென்றால் நெறிமுறைக் குழு, தகவல் பாதுகாப்பு, தனியுரிமை, ஆராய்ச்சிக் குழு என்று நான்கு மேசை. மருத்துவச் சோதனை ஆய்வு என்றால் முதல் நபர் சேர்ந்து 21 நாளுக்குள் ஆய்வின் விவரத்தை ஆய்வுகளுக்கான பொதுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். நான் முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே ஏற்றிவிடுவேன், பத்திரிகைகளும் அதைத்தான் கேட்கின்றன.

ஆள் எடுப்பதை இந்தக் காலத்துக்குள் தொடங்குங்கள். ஒருங்கிணைப்பாளருக்கும் அதே பின்னணிச் சோதனை, அதே அடையாள அட்டை. அனுமதி எல்லாம் வந்த அன்று அவரிடம் அட்டை இல்லாவிட்டால், கணினியைத் திறக்க முடியாமல் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பீர்கள். எங்களுக்கு அப்படி ஐந்து வாரம் போனது. ஆறாவது வாரம், திங்கட்கிழமை காலை, அட்டை வந்தது. அன்று மதியமே துண்டறிக்கையைக் கிளினிக்கில் ஒட்டினோம்.